இருபத்திரண்டு நிமிட வெயில்

"சீக்கிரம் உக்காருங்க ஐயா, பொழுது போயிடும்" என்று சொல்லி, பந்தி விசாரித்துக்கொண்டிருந்த பெண்வீட்டுக்காரர் ஒருவர் என்னைக் கைப்பிடித்து இலைக்கு முன் உட்கார வைத்தார். மணி ஐந்துகூட ஆகவில்லை. நேற்று உன் தங்கையின் பேத்திக்குச் செஞ்சியில் கல்யாணம். உங்கள் சமண வீடுகளில் சூரியன் இறங்குவதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும் என்ற வழக்கம் மண்டபத்துக்கு வந்த பிறகும் மாறவில்லை. இலைக்குப் பக்கத்தில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒரு டம்ளர் வைத்தார்கள். சீரகம், சுக்கு எதுவும் போடாத வெறும் வெந்நீர். டம்ளரை வாய்வரைக்கும் கொண்டுபோனேன். பித்தளைத் தவலையும் விறகுப் புகையும் கலந்த அந்த மணம், கேஸ் அடுப்பு எரியும் மண்டபத்தில் எங்கிருந்து வந்ததோ, வந்துவிட்டது. என்னால் குடிக்க முடியவில்லை. கீழே வைத்துவிட்டேன்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். செத்தவனுக்குக் கடிதம் எழுதுகிறாயே, படிக்க ஆள் இருக்கிறான் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய். கேட்டுக்கொள். எனக்கு எண்பது தாண்டிவிட்டது, இனிமேல் உன்னிடம் வாதாடித் தோற்பதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

ஒன்றாம் வகுப்பிலிருந்து நமக்கு ஒரே பெஞ்சு. உன் அப்பாவுக்குக் கடைத்தெருவில் மணிலாக்கொட்டை மண்டி, என் அப்பாவுக்குச் சிங்கவரம் பாதையில் இரண்டு காணி கழனி. படித்து முடித்து நீ ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஆனாய், நான் தாலுகா ஆபீசில் சர்வேயர் ஆனேன். நீ சொல்லிக்கொடுப்பவன், நான் அளப்பவன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் இரண்டு பேரும் கோட்டைப் பக்கம் போய்விடுவோம். ஊரில் மற்ற வாலிபர்கள் சினிமாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அறுபதுகளில், நாம் என்னத்தைப் பேசினோம் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

எல்லாம் அந்தப் புத்தகத்தால் வந்தது. மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுவதற்காக அடுக்கி வைத்திருந்த பழைய தாள்களுக்கு நடுவிலிருந்து நீ அதை இழுத்தாய். இங்கிலீஷ் புத்தகம். அட்டை கிடையாது, முதல் சில பக்கங்கள் ஏற்கெனவே யார் வீட்டுக்கோ மிளகு கட்டிக்கொண்டு போயிருந்தன. எழுதியவர் பெயர் நமக்குக் கடைசிவரை தெரியாது. அறிவு என்றால் என்ன, அது நமக்கு எப்படி வருகிறது, எவ்வளவு தூரம் அதை நம்பலாம் என்று புதிதாகப் படிக்கிறவனுக்குச் சொல்லும் ஆரம்பப் பாடம். நீ அதை வாரத்துக்கு நாலு பக்கம் படித்து, ஒரு நோட்டில் தமிழில் எழுதினாய். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டுவாய். நான் குறுக்கே கேள்வி கேட்பேன். நீ கோபப்பட்டு இரண்டு வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதுவாய்.

"ஒருத்தன் ஒண்ணைத் தெரியும்னு சொல்றான். அதுக்கு மூணு வேணும்டா. அவன் அதை நம்பணும். அது நெஜமா இருக்கணும். நம்புறதுக்கு அவங்கிட்ட காரணம் இருக்கணும்" என்றாய் முதல் நாள். கோட்டைக் களஞ்சியத்துக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம்.

"நாளைக்கு மழை வரும்னு நான் சும்மா சொல்றேன். வந்துடுது. அப்போ?"

"நம்பினே, நெஜமாவும் ஆச்சு. காரணம் இல்ல. குருட்டாம்போக்குல சொன்னது. அது தெரிஞ்சதுல சேராது."

இது இவ்வளவுதானே என்று எனக்குத் தோன்றியது. அடுத்த மாதமே அதில் ஓட்டை விழுந்தது. நாம் டீக்கடையில் இருந்தோம், ஆரன் சத்தம் கேட்டது. "திருவண்ணாமலை பஸ் வந்துடுச்சு" என்று நான் எழுந்து ஓடினேன். பஸ் நின்றுகொண்டிருந்தது. ஆனால் அந்த பஸ்ஸுக்கு ஆரனே வேலை செய்யவில்லை, சத்தமில்லாமல் வந்து பத்து நிமிஷம் ஆகிவிட்டது. ஆரன் அடித்தது பின்னால் வந்த ஒரு லாரி. நீ படிக்கட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாய். "டேய், நீ நம்பினே. பஸ் வந்ததும் நெஜம். ஆரன் கேட்டுதுன்னு காரணமும் இருந்துது. மூணும் இருக்குது. ஆனா உனக்கு பஸ் வந்தது தெரியலடா!" என்று கத்தினாய். கண்டக்டர், "ஏறுறியா, இல்ல ஆரனையே ஆராயப் போறியா? பின்னால ஜனம் நிக்குது" என்றார். அன்றைக்கு நீ பஸ் ஏறவே இல்லை. வீட்டுக்குத் திரும்பிப் போய் நோட்டில் பாதி அத்தியாயத்தை அடித்துவிட்டாய்.

காட்சி, ஊகம், சொல் என்று மூன்று வழியாக அறிவு வருகிறது என்பது அடுத்த பாடம். கண்ணால் பார்ப்பது ஒன்று. புகையைப் பார்த்து நெருப்பு இருக்கும் என்று கணக்குப் போடுவது இன்னொன்று. பார்த்தவன் சொல்ல, கேட்டு ஏற்றுக்கொள்வது மூன்றாவது. உன் அப்பா வைத்திருந்த பழைய சமண நூல்களிலும் ஏறக்குறைய இதே வகுப்புதான் இருக்கிறது என்று கண்டுபிடித்து நீ துள்ளினாய். எதைச் சொன்னாலும் 'ஒரு விதத்தில்' என்று சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் அந்த நூல்கள் சொல்வதுதான். ஒரு விதத்தில் உண்டு, ஒரு விதத்தில் இல்லை. உன் அப்பா அதை மண்டியில் சண்டை வரும்போதெல்லாம் எடுத்துவிடுவார் என்று நீ கேலி செய்வாய்.

அந்த அப்பாவோடுதான் உனக்குச் சூரியன் விஷயத்தில் தகராறு வந்தது.

செஞ்சியில் பிறந்தவர்களுக்குப் பொழுது போவது என்றால் ராஜகிரிக்குப் பின்னால் சூரியன் போவது. மலை ஊருக்கு மேற்கே நிற்கிறது. சூரியன் அதன் தலைக்குப் பின்னால் நழுவியதும் மலையின் நிழல் கழனிகளைத் தாண்டி வந்து கடைத்தெருவை மூடிவிடும். "பொழுது போயிடுச்சு" என்று அத்தனை பேரும் சொல்வார்கள். உங்கள் வீட்டில் அந்த நிமிஷம் அடுப்பு அணைந்துவிடும். அதற்குமேல் தண்ணீர்கூட வாயில் படாது. இருட்டில் சின்ன உயிர்கள் விழுந்தால் தெரியாது, அவற்றைக் கொல்லக் கூடாது என்பதற்காக வந்த விரதம். நீ வாலிபத்தில் சாமி பூதம் எல்லாவற்றையும் கேள்வி கேட்டாயே தவிர, அந்த விரதத்தை ஒரு நாளும் விட்டதில்லை.

ஆனால் கேள்வி கேட்காமல் இருக்க உன்னால் முடியுமா? "நைனா, மலைக்குப் பின்னால போனா சூரியன் எறங்கிடுச்சுன்னு எப்படித் தெரியும்? மறைஞ்சிருக்குது, அவ்வளவுதான்" என்றாய் ஒரு நாள். உன் அப்பா தட்டை நகர்த்திவிட்டு, "நம்ம பெரியவங்க கண்ணு இல்லாமலா இருந்தாங்க? மலை எறக்கம்தான் நமக்குக் கணக்கு" என்றார். "அது ஊகம், நைனா. காட்சி இல்ல." அவர் எழுந்து போய்விட்டார். நான் சாப்பாட்டுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, எந்தப் பக்கமும் பார்க்காமல் மோரைக் குடித்தேன்.

அளந்துவிடலாம் என்று சொன்னவன் நான். புரட்டாசியில், முதல் மழை பெய்து வானம் கழுவிவிட்டாற்போல் இருந்த ஒரு நாள். நான் மத்தியானமே ராஜகிரி ஏறினேன். உச்சிக்குப் பக்கத்தில் பிளவுக்கு மேல் இருக்கும் மரப்பாலத்தை நான் எப்போதும் கீழே பார்க்காமல்தான் தாண்டுவேன், உனக்குத் தெரியும். நீ உங்கள் வீட்டு மொட்டை மாடியில், சவரக்கடையில் கேட்டு வாங்கி வந்த கண்ணாடியை வைத்துக்கொண்டு, வெயிலை என் பக்கம் திருப்பிக்கொண்டே இருந்தாய். அவ்வளவு தூரத்திலிருந்து ஊர் ஒரு கைக்குட்டை அளவு தெரிந்தது. அதன் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி பளிச் பளிச்சென்று அடித்தது. நிழல் உன் மாடியைத் தொட்ட நிமிஷம் புள்ளி அணைந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். பிறகு மேற்கே திரும்பினேன். சூரியன் முழுசாக, அப்படியே, அடிவானத்துக்கு மேலே நின்றுகொண்டிருந்தது.

அது இறங்கி முடிக்க இருபத்திரண்டு நிமிஷம் ஆனது. கீழே ஊரில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள், எனக்கு முகமெல்லாம் வெயில். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. இறங்கி வந்து உன்னிடம் சொன்னபோது நீ என்னைக் கட்டிப்பிடித்தாய். பிறகு உடனே ஒரு கோணல் யோசனை: "ஆனா பாத்தவன் நீ. எனக்கு இது உன் சொல்லால வந்தது. உனக்குக் காட்சி, எனக்குச் சொல்." நோட்டில் அப்படியே எழுதியும் வைத்தாய். அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம்.

அன்று முதல் நீ அந்த இருபத்திரண்டு நிமிஷத்தைப் பயன்படுத்தத் தொடங்கினாய். விரதம் சூரியனுக்குத்தானே, மலைக்கு இல்லையே. அடுப்பு அணைந்து, உன் அப்பா வாய் கொப்பளித்த பிறகு, நீ தாழ்வாரத்தில் உட்கார்ந்து சாவகாசமாக ஒரு சொம்பு வெந்நீர் குடிப்பாய். உன் அப்பா மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார். உன் அம்மாதான் அதற்கென்று தவலையில் கொஞ்சம் மிச்சம் வைத்திருப்பார்கள். "என் பிள்ளைக்குன்னு தனியா ஒரு சூரியன் காயுது" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார்கள். மாதத்துக்கு மாதம் மலைக்கும் சூரியனுக்கும் இடைவெளி எப்படி மாறும் என்று ஒரு பட்டியல்கூட நான் உனக்குப் போட்டுக்கொடுத்தேன்.

நோட்டில் நீ கடைசியாக எழுதியது சொல்லைப் பற்றிய அத்தியாயம். யார் சொன்னால் ஏற்கலாம்? சொல்பவனுக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும், அவன் பொய் சொல்லாதவனாக இருக்க வேண்டும். மூன்றாவதாக ஒன்றை நாம் இருவரும் சேர்ந்து சேர்த்தோம். அது நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் சொல்லை ஒரு மடங்கு குறைத்து எடுத்துக்கொள்ள வேண்டும். என் மாமா வழக்கைப் பார்த்து எழுதியது அது. வரப்புத் தகராறில் நான் அளந்தபோது எல்லைக் கல் என் சொந்த மாமாவின் கழனிக்குள் விழுந்தது. அவர் கண்ணீர் விட்டார், என் அம்மா ஒரு வாரம் பேசவில்லை. நான் கல்லை நகர்த்தவில்லை. ஊரில் அதற்குப் பிறகு என் சொல்லுக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. எனக்குள்ளும் வந்துவிட்டது, அதுதான் கேடு. "நீ சொன்னா நான் பாத்த மாதிரிடா" என்று நீ சொன்னாய். அதைக் கேட்டுப் பல நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

பங்குனியில் உனக்கு வாந்தியும் பேதியும் கண்டது. முதல் நாள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் இருக்கிறது என்று சாதாரணமாகச் சொன்னாய். மறுநாள் மத்தியானம் நான் வந்து பார்த்தபோது கண் உள்ளே போயிருந்தது, விரல் தோல் சுருங்கியிருந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, காலையில் முதல் வேலையாக விழுப்புரம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்ற வேண்டும் என்றார். அதுவரைக்கும் உப்பும் சர்க்கரையும் போட்ட வெந்நீரை விடாமல் கொடுத்துக்கொண்டே இருக்கச் சொன்னார். "இன்னைக்கே போயிடலாம்" என்று உன் அப்பா வண்டி தேடி ஓடினார். வண்டி கிடைக்கவில்லை. காலையில் மண்டி லாரி வரும், அதில் போகலாம் என்று முடிவாயிற்று.

நான் உன் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து டம்ளர் டம்ளராகக் கொடுத்தேன். நீ கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாய், பாதி வெளியே வந்தது, பாதி உள்ளே நின்றது. நாலு மணிக்குமேல் வாந்தி நின்றது. குடித்தது உள்ளேயே தங்கத் தொடங்கியது. உன் முகத்தில் ஒரு சொட்டுத் தெளிவு வந்தது. உன் அம்மா அடுப்படியிலிருந்து காய்ச்சிக் காய்ச்சி ஆற்றி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். "ராத்திரிக்கு விரதம் வேணாம்டா, நோயாளிக்கு விலக்கு உண்டு, மடத்து ஐயாவே சொல்லியிருக்காரு" என்று அவர்கள் கெஞ்சினார்கள். நீ மெல்லச் சிரித்தாய்.

"அம்மா, சாமி இருக்குதான்னு எனக்குத் தெரியாது. உயிர் எங்க போவுதுன்னு தெரியாது. நான் குடுத்த வாக்கு ஒண்ணுதான் உறுதியாத் தெரியும். அது நான் செஞ்சது. அதையும் உட்டா எங்கிட்ட இன்னா இருக்குது?"

சாகப்போகிறவன் பேச்சாக அது எனக்குக் கேட்கவில்லை, நம் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சாகக் கேட்டது. நான்கூட, "சரிம்மா, அதுக்குள்ள நல்லாக் குடுத்துடலாம்" என்றேன்.

அறை இருண்டது. சன்னல் வழியாகத் தெரிந்த எதிர்ச்சுவரில் இருந்த வெயில் போய்விட்டது. தெருவில் யாரோ, "பொழுது போயிடுச்சு, மாட்டைப் புடிச்சிக் கட்டு" என்று சொன்னது கேட்டது. அந்த நேரத்தில் உன் அம்மா ஒரு பெரிய சொம்பு நிறைய வெந்நீரோடு உள்ளே வந்தார்கள். நீ தலையை ஆட்டினாய்.

"இன்னும் இருக்குதுடா கண்ணு. உன் சூரியன் இன்னும் இருக்குது. குடி" என்றார்கள்.

நீ அவர்களைப் பார்த்தாய். அதில் எவ்வளவு பிரியம் இருந்தது! பிரியம் இருந்தது, நம்பிக்கை இல்லை. பிறகு என் பக்கம் திரும்பினாய்.

"இருக்குதாடா?"

நான் சன்னலைப் பார்த்தேன். இருட்டு. பெற்றவள், பிள்ளை குடிக்க வேண்டும் என்பதற்காக எதையும் சொல்வாள் என்று நினைத்தேன். உனக்கு நான் அப்படிச் செய்யக் கூடாது, கடைசிவரைக்கும் உன்னிடம் நிஜத்தைச் சொல்கிற ஒருத்தன் வேண்டும் என்று நினைத்தேன். நம் அத்தியாயத்தின்படிதான் நடந்தேன். ஆசைப்படுகிறவள் சொல்லைக் குறைத்தேன், என் கண்ணை நம்பினேன். கடிகாரம் என் கையில்தான் கட்டியிருந்தது. சொம்பை வாங்குவதற்காக நீட்டிய அதே கை.

"போயிடுச்சுடா" என்றேன்.

"அவன் சொல்றான்மா" என்றாய் நீ. வாயை மூடிக்கொண்டாய்.  உன் அம்மா சொம்பைச் சுவரோரம் வைத்துவிட்டு வெளியே போனார்கள்.

மண்டியில் காலை லாரிக்குச் சொல்லிவைத்துவிட்டு வரலாம் என்று நானும் எழுந்து தெருவுக்கு வந்தேன். பத்துப் பதினைந்து அடி நடந்திருப்பேன். தெருமுனையில் வடக்கே கிருஷ்ணகிரி தெரிந்தது. அதன் உச்சி மண்டபம் மஞ்சளாக, பளபளவென்று, வெயிலில் நின்றது. கிழக்கே தூரத்துப் பனைகளின் தலையிலும் வெயில். பங்குனி மாதம் என்று அப்போதுதான் உறைத்தது. புரட்டாசியில் இறங்கும் அதே இடத்தில்தான் பங்குனியிலும் சூரியன் இறங்கும், பட்டியல் போட்டவனே நான்தான். இருபத்திரண்டு நிமிஷம். அதில் ஏழோ எட்டோதான் போயிருந்தது.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் இத்தனை வருஷம் நான் எழுத்தில் வைக்கவில்லை. நான் திரும்பி ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. திரும்பிப் போனால் உன் அம்மா முன்னால் நின்று, "நீங்க சொன்னதுதான் சரி, நான் தப்பு" என்று சொல்ல வேண்டும். போய்ச் சொல்வதற்குள் நேரம் ஆகிவிடும், நீ கண் அசந்திருப்பாய், ஒரு சொம்புத் தண்ணீரில் என்ன ஆகிவிடும், காலையில்தான் ஆஸ்பத்திரி இருக்கிறதே என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு, மஞ்சள் வெளிச்சம் மண்டபத்தை விட்டு ஏறிப் போகும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். வெட்கத்தால் நின்றேன். வேறு பெயர் அதற்குக் கிடையாது.

லாரி வருவதற்கு முன்பே நீ போய்விட்டாய்.

உன்னைத் தூக்கிக்கொண்டு போனபோது உன் அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். "விரதம் முறியாம போனான், அந்த மட்டும் பெருமை" என்று வந்தவர்கள் சொன்னார்கள். திருநாதர் குன்றுப் பாறையில், உண்ணாமல் இருந்து உயிர் விட்ட துறவியைப் பற்றிப் பழைய எழுத்து இருக்கிறதே, அதைக்கூட ஒருவர் உன்னோடு சேர்த்துப் பேசினார். எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. நீ துறவி இல்லையடா. உனக்கு இருபத்தேழு வயது. குடிப்பதற்கு நேரம் இருந்த தண்ணீரைக் குடிக்காமல் போனாய், நான் சொன்னதால்.

மூன்று மாதத்தில் மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு திண்டிவனம் போய்விட்டேன். உன் தங்கை கல்யாணப் பத்திரிகை வந்தது, போகவில்லை. உன் அப்பா காலமான செய்தி வந்தது, அதற்கும் போகவில்லை. உன் நோட்டை உன் அம்மா எனக்குக் கொடுத்தனுப்பினார்கள். யாராவது என்னிடம் எதையாவது அடித்துச் சொன்னால் எழுந்து போய்விடுவேன். கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தன, உத்தியோகத்தில் உயர்ந்தேன். கோர்ட்டில் நூறு தடவை சாட்சிக் கூண்டில் ஏறி, அளந்ததைச் சொன்னேன். "நிச்சயமாகத் தெரியுமா?" என்று வக்கீல் கேட்கும்போதெல்லாம் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குனிந்துவிடுவேன். ஏதோ நோய் என்று நினைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள்.

எட்டு வருஷம் கழித்து ஒரு நாள் காலையில் பஸ் ஏறி உன் அம்மாவைப் பார்க்கப் போனேன். கண்பார்வை மங்கியிருந்தது, குரலை வைத்து என்னைத் தெரிந்துகொண்டார்கள். "வந்தியாப்பா? சாப்டியா?" என்றார்கள், நேற்றுப் போய் இன்றைக்கு வந்தவனைக் கேட்பதுபோல. நான் சாப்பிடவில்லை. அவர்கள் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். சூரியன் இருந்ததைச் சொன்னேன். தெருமுனையில் நின்றதைச் சொன்னேன். திரும்பி வராததையும், ஏன் வரவில்லை என்பதையும் சொன்னேன்.

அவர்கள் அழவில்லை. "நான் மாடிக்கு ஏறிப் பாத்துட்டுத்தான்பா சொம்பைக் கொண்டாந்தேன்" என்றார்கள். "கிருஷ்ணகிரி மேல வெயில் இருந்துது. கண்ணால பாத்தேன். பெத்தவ சொல்றா, பொய்யாத்தான் இருக்கும்னு ரெண்டு பேரும் நெனச்சிட்டீங்க."

நீயும் நானும் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, யார் சொல்லை ஏற்கலாம் என்று அத்தியாயம் எழுதினோம். அந்த அறையில் பார்த்தவர் ஒருவர்தான் இருந்தார். அவரிடம், பாத்தியாம்மா என்று ஒரு வார்த்தை நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஒருவரை நேசிப்பவருக்குக் கண் தெரியாது என்று எந்தப் புத்தகத்தில் படித்தோம்? அப்படி எதுவும் படிக்கவில்லை, நாமாகச் சேர்த்துக்கொண்டோம். உன்மேல் எனக்கு வந்த ஒரே கோபம் அதுதான். அதுவும் பாதி என்மேல் வந்தது.

உன் அம்மா என் தலையில் கை வைத்தார்கள்.

"ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு. அந்தத் தண்ணியைக் குடிச்சிருந்தா என் பிள்ளை பொழைச்சிருப்பானா?"

எட்டு வருஷமும் நான் என்னைக் கேட்டுக்கொண்ட கேள்வி. பிழைத்திருப்பாய் என்று சில நாள் தோன்றும், இல்லை என்று சில நாள் தோன்றும். ஆறுதலாக ஒன்றைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். முடியவில்லை.

"தெரியலம்மா" என்றேன்.

அவர்கள் கை என் தலையிலேயே இருந்தது. தலையைத் தடவிக்கொண்டே, கோபமில்லாமல், பக்கத்து வீட்டு விஷயம் பேசுவதுபோலச் சொன்னார்கள்:

"தெரியலன்னு அன்னைக்கு அவங்கிட்ட சொல்லியிருக்கலாமேப்பா."